நாம் சேர முடியாத சங்கமும் உனக்கு வரும் பெட்டிகளும்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. காலையில் பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருகிறார். ராணுவ முகாமில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்பதுதான் எங்கள் கவலை.

போன முறை போனில் நீ சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. "நீங்கள் அனுப்புவது போதும் அம்மா. முகம் தெரியாதவர்கள் அனுப்பும் பெட்டி எனக்கு எதற்கு? அதுவும் நம்மைச் சேர்த்துக்கொள்ளாத சங்கத்திலிருந்து" என்றாய். உன் பின்னால் நண்பர்களின் பேச்சுச் சத்தம். ஒரு வார்த்தைக்கும் இன்னொரு வார்த்தைக்கும் நடுவில் லைன் அறுந்து அறுந்து வந்தது. இது போனில் பேசி முடிக்கிற விஷயமும் இல்லை. அதனால் எழுதுகிறேன். தமிழ் படித்து நாளாகிவிட்டது, மெதுவாகவே படி.

நீ சொன்னதில் பாதி உண்மை. சிப்பாய்களுக்குப் பெட்டி அனுப்பும் இந்த அமெரிக்கப் புரட்சியின் புதல்வியர் சங்கத்தில் நானோ உன் அக்காவோ உறுப்பினராக முடியாது. 1775 ஏப்ரல் 19, ஆங்கிலேயருக்கு எதிரான அமெரிக்க விடுதலைப் போரில் லெக்சிங்டனில் முதல் குண்டு வெடித்த நாள். அன்று தொடங்கி 1783 நவம்பர் 26 வரை அவர்கள் கணக்கு. அந்த எட்டரை ஆண்டுக்குள் விடுதலைக்காகப் போரிட்டவர் அல்லது உதவியவர் ஒருவரின் நேர் வாரிசு என்று காட்டவேண்டும். வாய்ச்சொல் செல்லாது. ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்பு, திருமணம், இறப்பு என்று ஆவணம் கேட்கிறார்கள். சங்கத்தில் இருக்கும் பக்கத்து வீட்டு அம்மாள் தன் கோப்பை எனக்குக் காட்டினார். பென்சில்வேனியாவின் ஊர்ப்படையில் இருந்த ஒரு விவசாயியில் தொடங்கி அவர் வரைக்கும் ஒரு கண்ணி விடாமல் இருக்கிறது. அந்தச் சங்கிலியில் பாதிக்கு மேல் பெண்கள். இன்னாருக்கு மகள், இன்னாருக்குத் தாய் என்று ஊரோடும் தேதியோடும். அன்று ராத்திரியே ஊருக்குப் போன் செய்து, என் பாட்டியின் அம்மா பெயர் என்ன என்று பெரியம்மாவிடம் கேட்டேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, "நாங்கள் ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம்" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

இந்தச் சங்கம் பிறந்ததே ஒதுக்கப்பட்டதால்தான். 1889-இல் ஆண்கள் இதே போல ஒரு சங்கம் தொடங்கினார்கள். மறு ஆண்டு, பெண்களுக்கு அதில் இடமில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். போரில் பெண்கள் பட்ட பாடு யாருக்கும் நினைவில்லையா என்று வாஷிங்டன் பத்திரிகை ஒன்றுக்கு ஒரு பெண்மணி சூடாகக் கடிதம் எழுத, அதே 1890 அக்டோபரில் பெண்கள் தங்களுக்கென ஒன்றை அமைத்துக்கொண்டார்கள். எட்டே ஆண்டில் ஸ்பெயினோடு போர் வந்தது. குண்டு பட்டு இறந்தவர்களைவிடக் காய்ச்சலில் இறந்த சிப்பாய்களே அதிகம். ராணுவத்திடம் பயிற்சி பெற்ற நர்சுகள் இல்லை. அனிதா நியூகம் மெக்கீ என்ற டாக்டர் அம்மையார் இந்தச் சங்கத்துப் பெண்களை உட்காரவைத்து, வந்து குவிந்த விண்ணப்பங்களை ஒவ்வொன்றாகச் சலித்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட நர்சுகளை அனுப்பிவைத்தார். 1901-இல் ராணுவத்துக்கென நிரந்தர நர்ஸ் படை வந்தது அதன் தொடர்ச்சிதான். உன் முகாம் ஆஸ்பத்திரியில் இன்று ஒரு நர்ஸ் இருக்கிறார் என்றால் அதில் இந்தப் பெண்களின் பங்கும் இருக்கிறது.

இன்னும் பழைய கதை ஒன்று, நம் பென்சில்வேனியா மாநிலத்தில் நடந்தது. 1780-இல் பிலடெல்பியாவில் எஸ்தர் ரீட் என்ற பெண்ணின் தலைமையில் பெண்கள் வீடு வீடாகப் போய்ச் சிப்பாய்களுக்காகப் பணம் திரட்டினார்கள். அந்தக் காலத்தில் நல்ல குடும்பத்துப் பெண் படியேறிப் பணம் கேட்பது கேள்விப்படாத காரியம். மூன்று லட்சம் டாலர் சேர்ந்தது, அன்றைய மதிப்பிழந்த காகிதப் பணத்தில். சிப்பாய் ஆளுக்கு இரண்டு டாலர் கையில் கொடுக்கலாம் என்பது ரீடின் எண்ணம். குடித்துத் தீர்த்துவிடுவார்கள், சட்டை தைத்துக் கொடுங்கள் என்றார் ஜெனரல் வாஷிங்டன். ரீட் அந்தச் செப்டம்பரிலேயே இறந்துபோனார், வயது 33. பெஞ்சமின் பிராங்க்ளினின் மகள் சாரா பேச் வேலையை எடுத்து முடித்தார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சட்டைகள். தைத்த பெண் ஒவ்வொருத்தியும் தன் பெயரைச் சட்டையில் பொறித்தாள். போட்டுக்கொண்ட சிப்பாய்க்கு அவள் யாரென்று தெரியாது, அவளுக்கும் அவனைத் தெரியாது. முகம் தெரியாதவர்கள் என்றாயே, அதற்குத்தான் இதைச் சொல்கிறேன்.

இப்போது சங்கத்தார் பெட்டி கட்டும் நாளைப் பற்றிக் கேள். மாதா கோயில் கூடத்தில் நீளமாக மேசைகளைப் போட்டு, பொருள் வாரியாக அடுக்கிவைத்திருப்பார்கள். தடித்த காலுறை, உதட்டுக் களிம்பு, பாதத்துக்குப் பவுடர், ஈரத் துடைப்பான், தண்ணீரில் கலக்கும் உப்புச் சர்க்கரைப் பொடி, காபிப் பொட்டலம், வேர்க்கடலை, சீட்டுக்கட்டு. வெயில் காலத்தில் சாக்லேட் கிடையாது, உருகிக் கூழாகிவிடும். பன்றி இறைச்சியும் மதுவும் நீ இருக்கும் பக்கத்துக்கு அறவே ஆகாது. சோப்பையும் பற்பசையையும் தனிப் பையில் காற்றுப் புகாமல் அடைத்து மூலையில் வைக்கவேண்டும், இல்லாவிட்டால் கடலையெல்லாம் சோப்பு மணக்கும். கடைசியில் இடுக்குகளில் காலுறைகளைச் சுருட்டித் திணித்துப் பெட்டியைக் குலுக்கிப் பார்ப்பார்கள். உள்ளே எதுவும் ஆடக் கூடாது. மேலே கடிதம். அப்புறம்தான் மூடி, விளிம்பெல்லாம் டேப். எடை எவ்வளவானாலும் ஒரே கட்டணம் என்பதால் ஒரு விரல் இடத்தைக்கூட வீணாக்க மாட்டார்கள். முகவரியில் நாட்டின் பெயரை எழுதவே கூடாது என்பதை ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் உரக்கச் சொல்வார்.

சுங்கப் படிவத்தில் ஒவ்வொரு பொருளையும் எழுதவேண்டும். என் தேன்குழல் டப்பாவைத் தூக்கிப் பார்த்து, இதை என்னவென்று எழுத என்று கேட்டார்கள். அரிசி மாவுப் பலகாரம் என்றேன். ஆளுக்கொன்று எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதினார்கள். அடுத்த முறை இரண்டு டப்பா கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள், ஒன்று அவர்களுக்கு. நீங்கள் உறுப்பினரா என்று அங்கே என்னிடம் யாரும் கேட்டதில்லை.

எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி வருவார். கை நடுங்கும், ஆனாலும் கடிதங்களை மடித்து வைக்கும் வேலையை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். அவர் கணவர் வியட்நாமில் இருந்தவர். திரும்பி வந்தபோது விமான நிலையத்தில் அவரை ஏறெடுத்துப் பார்க்கக்கூட ஆளில்லையாம். சீருடையைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாராம். இப்போது மார்ச் 29 வியட்நாம் வீரர்கள் நாள். சங்கத்துப் பெண்கள் முதியோர் இல்லங்களுக்குப் போய் அந்தக் கிழவர்களின் சட்டையில் சின்னம் குத்திக் கைகுலுக்கிவிட்டு வருகிறார்கள். அந்தப் பாட்டி என்னிடம் சொன்னார்: "அன்று தெரியாதவர்கள் யாராவது நாலு வரி எழுதியிருந்தால் அவர் வேறு மனிதராக இருந்திருப்பார்." தம்பி, பெற்ற தாய் அனுப்பும் பெட்டியில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. நான் அனுப்பாமல் யார் அனுப்புவார்கள்? உன்னைப் பெறாதவர்கள் உன்னை நினைத்துக் காலுறை சுருட்டுகிறார்களே, அதை வேண்டாம் என்று சொல்லாதே.

1939-ஐ நீ கேட்கவில்லை, ஆனால் உன் மனதில் அதுதான் இருந்திருக்கும். பள்ளியில் படித்திருக்கிறாய். பாடகி மரியன் ஆண்டர்சன் கறுப்பினத்தவர் என்பதால் வாஷிங்டனில் உள்ள தங்கள் அரங்கத்தில் பாட இந்தச் சங்கம் இடம் தர மறுத்தது. ஜனாதிபதியின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் சங்கத்தை விட்டே விலகினார். ஈஸ்டர் ஞாயிறன்று லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று, 75,000 பேர் கேட்க ஆண்டர்சன் பாடினார். பக்கத்து வீட்டு அம்மாளிடம் இதை நேராகவே கேட்டேன். அவர் மழுப்பவில்லை. "அது எங்கள் வெட்கம். நாங்கள் அதை மறக்கக் கூடாது" என்றார். இக்காலத்தில் அறியப்பட்ட முதல் கறுப்பின உறுப்பினர் 1977-இல்தான் சேர்ந்தார். அதற்குப் பிறகு, புரட்சிப் போரில் நின்ற கறுப்பினத்தவர், பூர்வகுடியினர் ஆயிரக்கணக்கானோரின் பெயர்களைப் பழைய தாள்களில் தேடிப் பெரிய நூலாகவே தொகுத்திருக்கிறார்கள். செய்த அநியாயத்துக்கு அது ஈடாகாது என்பதுதான் என் எண்ணம். ஆனால் யார் யாருக்கு இடமில்லை என்றார்களோ, அவர்களுக்கு இடமிருந்ததைச் சங்கத்தாரே தேடி எழுதிவைத்திருப்பது சின்னக் காரியமும் இல்லை.

நமக்கும் அந்தப் புரட்சிப் போருக்கும் தொடர்பே இல்லை என்று நினைத்துவிடாதே. நான் பிறந்த கடலூரில் 1783 ஜூனில் ஆங்கிலேயர் ஒரு பக்கமும், பிரெஞ்சுக்காரரும் மைசூர்ப் படையும் மறுபக்கமுமாக நின்று மோதினார்கள். அமெரிக்காவுக்குத் துணைபோன பிரான்ஸோடு இங்கிலாந்து நடத்திய அதே போர்தான் அங்கே வரை நீண்டிருந்தது. அந்தப் போரின் கடைசிச் சண்டை கடலூர் முற்றுகைதான் என்று எழுதும் வரலாற்று நூல்கள் உண்டு. கொடுமை என்னவென்றால், இரு நாடுகளும் ஜனவரியிலேயே சமாதான உடன்பாட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டன. அந்தச் செய்தி கப்பலேறி வந்து சேர ஜூன் முடிந்துவிட்டது. முடிந்துபோன போரில் அத்தனை பேர் செத்தார்கள். வேறொரு மாதக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது மேசையைச் சுற்றி எல்லோரும் கைவேலையை நிறுத்திவிட்டார்கள். டெலவர் விரிகுடாவில் 1782-இல் ஆங்கிலக் கப்பலைப் பிடித்த பென்சில்வேனியாக் கப்பலுக்கு ஹைதர் அலியின் பெயரை வைத்திருந்தார்கள் என்று அவர்களில் ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சண்டையில் இரு பக்கமும் நம் மக்கள் நின்றார்கள். ஆங்கிலேயருக்காக நின்ற சென்னைப் படைச் சிப்பாய்கள் யார் யார், அவர்களின் ஆத்தாமார்கள் யார் யார்? எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வழியும் தெரியவில்லை. இங்கே புரட்சி வீரர் ஒருவரின் கல்லறைக் கல் புல்லுக்குள் மறைந்து கிடந்தாலும் தேடிப் போய்ச் சுத்தம் செய்து அடையாளம் வைக்கிறார்கள். டிசம்பரில் படைவீரர் கல்லறைகளுக்கு மலர் வளையம் வைக்கும்போது, ஒவ்வொரு கல்லின் முன்பும் நின்று அதிலுள்ள பெயரை வாய்விட்டுச் சொல்கிறார்கள். இந்த ஆண்டு நானும் போகிறேன். அப்பாவும் வருகிறேன் என்கிறார்.

நாங்கள் குடியுரிமை உறுதிமொழி எடுத்த அன்று நீதிமன்ற வாசலில் ஆளுக்கொரு சிறு கொடி கொடுத்த பெண்களும் இவர்கள்தாம். புதிதாக வருபவர்களுக்கென்று 1921-லேயே பல மொழிகளில் கைநூல் அச்சடித்துக் கொடுத்தவர்கள். அன்று எனக்கு யாரென்று தெரியாது. தோளில் பட்டி நிறையச் சின்னங்கள் குத்தியிருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

சரி, காரியத்துக்கு வருகிறேன். தீபாவளிப் பெட்டி அக்டோபர் முதல் வாரத்தில் கிளம்புகிறது. அதில் நான் செய்த அதிரசமும் தேன்குழலும் இருக்கும். அதிரசத்தை முதலில் காலி செய்துவிடு. சங்கத்திலிருந்து தனியாக இரண்டு பெட்டிகள் வரும். உன் பிரிவில் வீட்டிலிருந்து எதுவுமே வராத பையன் ஒருவன் இருக்கிறான் என்றாயே, ஒன்றை அவன் பெயருக்கே அனுப்பச் சொல்கிறேன். அவன் முழுப் பெயரையும், அவனுக்கு ஒவ்வாத உணவு ஏதாவது உண்டா என்பதையும் உடனே எழுது. காலுறை அளவு உனக்கும் அவனுக்கும் வேண்டும். பெட்டி கிடைத்ததும் கடிதம் மடித்த பாட்டிக்கு உன் கையெழுத்தில் நாலு வரி போடு. ஆங்கிலத்தில் எழுது, பெரிய எழுத்தாக. அவருக்குக் கண் மங்கல்.

அன்புடன்,
அம்மா