ஒரே நாளில் ஐந்து ஊரா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த இத்தாலிப் பயணக் கட்டுரையை நானும் என் வீட்டுக்காரரும் மாற்றி மாற்றிப் படித்தோம். போன செப்டம்பரில்தான் ஐந்து சின்ன ஊர்கள் சேர்ந்த அதே சிங்க்வே தெர்ரே கடற்கரையில் ஐந்து ராத்திரி தங்கிவிட்டு வந்தோம். அதனால் இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும்.

சின்னதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் ரியோமஜ்ஜோரே, மனரோலா என்ற இரண்டு ஊருக்கும் நடுவே உள்ள 'காதல் பாதை' என்ற நடைபாதை மூடிக் கிடப்பதாகக் கட்டுரையில் இருக்கிறது. 2012 செப்டம்பரில் பாறை சரிந்து, சுற்றுலா வந்த நான்கு பேர் காயம்பட்டதால் மூடினார்கள், உண்மைதான். ஆனால் 2024லேயே திறந்துவிட்டார்கள். தனிச் சீட்டு எடுத்து, நேரம் குறித்துக்கொண்டு போக வேண்டும். ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. கல்யாணமாகி 34 வருஷம் கழித்து நமக்கு அங்கே என்ன வேலை என்று இவர் கேட்டார். கேட்டுவிட்டு முன்னால் நடந்தார்.

பெரிய வருத்தம் அடுத்தது. "ஒரே நாளில் ஐந்து ஊரையும் பார்த்துவிடலாம்" என்று உங்கள் கட்டுரையாளர் யோசனை சொல்கிறார். பார்க்கலாம்தான். ரியோமஜ்ஜோரே, மனரோலா, கொர்னீலியா, வெர்னாட்சா, மொன்தெரோஸ்ஸோ ஐந்தும் ஒரே ரயில் பாதையில் இருக்கின்றன. ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் சில நிமிஷம்தான். பாதி தூரத்துக்கு மேல் சுரங்கம். இருட்டு, திடீரென்று ஒரு துண்டு கடல், மறுபடி இருட்டு. பழைய டூரிங் டாக்கீஸில் கரண்ட் போய்ப் போய் வருவதுபோல இருக்கிறது என்றார் இவர். ஒரே நாளில் ஐந்தையும் முடிக்கிறவர்கள் பார்ப்பது அநேகமாக அந்த இருட்டையும் நடைமேடைக் கூட்டத்தையும்தான். பக்கத்து லா ஸ்பெட்சியா துறைமுகத்தில் உல்லாசக் கப்பல் வந்து நிற்கிற நாளில் வெர்னாட்சாவின் ஒற்றைத் தெருவில் தேர்த் திருவிழாக் கூட்டம். சாயங்காலம் அவர்கள் ரயிலேறிப் போனபிறகு அதே தெருவில் கிழவிகள் வாசலில் நாற்காலி போட்டு உட்காருகிறார்கள். அதைப் பார்க்க அங்கே ராத்திரி தங்கியிருக்க வேண்டும்.

கட்டுரை முழுக்க வண்ண வண்ண வீடுகள். சரி, அழகுதான். ஆனால் அந்த ஊர்களைப் பிடித்து நிறுத்தியிருக்கும் கற்சுவர்களைப் பற்றி ஒரு வரி இல்லையே!

மூன்றாம் நாள் மனரோலாவிலிருந்து சின்ன பஸ்ஸில் மலைமேல் இருக்கும் வொலாஸ்த்ரா என்ற ஊருக்குப் போய், அங்கிருந்து திராட்சைத் தோட்டங்கள் வழியாகக் கொர்னீலியாவுக்கு நடந்து இறங்கினோம். இவர் பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். வழியெல்லாம் சுவரைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தார். செங்குத்தான மலையைப் படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படிக்கும் கல்லடுக்கி முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். சிமென்ட் இல்லை, சுண்ணாம்பு இல்லை. பெரிய கல் முகப்பில், பொடிக்கல் பின்னால், அவ்வளவுதான். "நாங்கள் தாங்குசுவர் கட்டினால் தண்ணீர் வடியத் தனியாக ஓட்டை விடுவோம், இங்கே சுவர் முழுக்கவே ஓட்டைதான். தண்ணீர் வழிந்துவிடும், சுவர் நிற்கும்" என்று விளக்கினார். நான் அப்போது காலில் குத்திய கல்லை எடுத்துக்கொண்டிருந்தேன். (செருப்போடு அந்தப் பாதையில் இறங்காதீர்கள். வழுக்கும் என்பது ஒரு பக்கம். தேசியப் பூங்காக்காரர்கள் 2019 முதல் 50 யூரோவிலிருந்து 2,500 யூரோ வரை அபராதம் வைத்திருக்கிறார்கள்.)

அறுவடை நேரம். ஒற்றைத் தண்டவாளத்தில் பொம்மை ரயில்போல ஒரு வண்டி, கூடை கூடையாகத் திராட்சையை ஏற்றிக்கொண்டு சரிவில் ஊர்ந்தது. அது இல்லாத இடத்தில் இன்னும் முதுகுச் சுமைதான். இந்தக் கஷ்டத்துக்குப் பயந்து இளசுகள் வேறு வேலைக்குப் போய்விட, கைவிட்ட தோட்டங்களில் புதர் மண்டிக் கிடக்கிறது. ஒரு கல் சரிந்ததும் எடுத்து வைக்க ஆள் இல்லையென்றால், அடுத்த மழையில் சுவரே சரியும், மண்ணும் கூடவே வரும். 2011 அக்டோபர் 25 அன்று கொட்டிய மழையில் வெர்னாட்சா, மொன்தெரோஸ்ஸோ இரண்டு ஊரிலும் சேறு புகுந்தது. வெர்னாட்சாவில் மூன்று பேர் இறந்தார்கள். நாங்கள் ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிட்ட தெருவில் அன்றைக்குக் கடை வாசலே தெரியாத அளவுக்குச் சேறாம். மழைதான் முதல் காரணம், ஆனால் பராமரிப்பில்லாத அடுக்குகளும் சேர்ந்துகொண்டன என்கிறார்கள்.

இந்தக் கடற்கரையை 1997இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 2018இல் சாந்து பூசாமல் கல்லடுக்கும் கலையையும், இத்தாலி உட்பட எட்டு நாடுகளுக்குச் சேர்த்து, தன் இன்னொரு பட்டியலில் ஏற்றுக்கொண்டது. இவருக்கு இதைச் சொன்னபோது, "பட்டியல் இருக்கட்டும், கொத்தனார் இருக்கிறாரா?" என்று கேட்டார்.

சாப்பாடு பற்றிக் கட்டுரையாளர் பயமுறுத்தியிருக்கிறார். எங்களைப் போன்ற மரக்கறிக்காரர்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. கடலைமாவைக் கரைத்து அடுப்பில் சுட்டுத் தரும் ஃபரினாத்தா, நம் வீட்டு அடைக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. பெஸ்தோ என்று அவர்கள் அரைக்கும் பச்சைச் சட்னியில் போடும் பேசில் இலையைக் கையில் கசக்கி முகர்ந்ததும் எங்கள் ஊர்த் திருநீற்றுப்பச்சிலை ஞாபகம் வந்தது. விசாரித்தால் இரண்டும் ஒரே செடிதான். பெஸ்தோவில் பாலாடைக்கட்டியும் உண்டு. அதை உறைய வைப்பது கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருளால். கறாராக இருப்பவர்கள் கேட்டுக்கொள்ளவும்.

இன்னொன்று, கொர்னீலியா ஸ்டேஷனிலிருந்து ஊருக்கு 382 படி. மூட்டு வலிக்காரர்களுக்குப் பஸ் உண்டு. இதையும் அடுத்த இதழ்த் திருத்தத்தோடு சேர்த்துப் போட்டால் புண்ணியமாகப் போகும்.

படம் ஏதும் தேவைப்பட்டால் எழுதுங்கள். இவர் எடுத்ததில் கற்சுவர் மட்டும் நாற்பதுக்கு மேல் இருக்கிறது. நான் ஒன்றிலும் இல்லை.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
பாளையங்கோட்டை