படம் எடுத்தவர் போய்விடுவார், பொருளோடு இருப்பவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள்

தமிழ்நாட்டில் அருங்காட்சியகம் நடத்துகிற எல்லோருக்கும், துறை அதிகாரிகள், அறங்காவலர்கள், கல்லூரி நிர்வாகிகள் அனைவருக்கும் வணக்கம்.

நான் புகைப்படக்காரன். திருச்சியில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து போக, பழம்பொருள்களைப் படம் எடுத்துத் தரும் வேலையையும் பல வருடங்களாகச் செய்கிறேன். அந்த வேலையில் நான் செய்த ஒரு தவறிலிருந்துதான் இந்த மடலைத் தொடங்க வேண்டும்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் பதினைந்து நாள் தங்கிப் படம் எடுத்தேன். நடுகற்கள், செப்புக்காசுகள், தாழிகள், சுவடிகள். எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக் கொடுத்தேன், ரசீது வாங்கினேன், ஊர் திரும்பினேன். போன வருடம் ஆய்வு மாணவி ஒருவருக்கு அதில் ஒரு நடுகல் படம் தேவைப்பட்டது. நேரில் போனேன். டிஸ்க் பீரோவில் நான் கொடுத்த அதே உறைக்குள் இருந்தது. கணினியில் செருகினால் உள்ளே ‘டொக் டொக்’ என்று சத்தம் கேட்டதே தவிர ஒன்றும் திறக்கவில்லை. அவர்களிடம் வேறு பிரதி இல்லை. என் பிரதியைத் திறந்தோம். படங்கள் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் கேமரா போட்ட எண்தான் பெயர். எந்தப் படம் எந்தப் பதிவெண்ணுக்கு உரியது என்று நான் குறித்து வைக்கவில்லை. அவர்களும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

பதிவேட்டைப் புரட்டினோம். பல வரிகளில் ‘நடுகல் - 1’ என்பதோடு சரி.

அப்போது கூடத்தைக் கூட்டிக்கொண்டிருந்த அக்கா என் மடிக்கணினியை எட்டிப் பார்த்தார். “இது ஏரிக்கரையில கெடந்தது சார், ரெண்டு துண்டா வந்துச்சு. இதப் புலிக்குத்திக் கல்லுன்னு எழுதி வச்சிருக்காங்க, மூஞ்சியப் பாருங்க, அது பன்னி.” புலியோடு மோதி இறந்த வீரனுக்கு நட்டதுதான் புலிக்குத்திக் கல். அக்கா சொன்னது உண்மைதான், இதில் இருந்தது பன்றியேதான். அன்று சாயங்காலத்துக்குள் நாற்பது கற்களுக்கு மேல் அவரே அடையாளம் சொன்னார். எந்த ஊர், யார் நிலம், எந்த லாரியில் வந்தது, எது எப்போது உடைந்தது என்று எல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்த நிறுவனத்தின் மிகப் பெரிய தரவுத்தளம் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தது. அவருடைய பணிக்குறிப்பில் ‘துப்புரவு’ என்று மட்டும் இருக்கிறது.

மறுநாள் அவருக்கு ஒன்றே ஒன்றைக் காட்டினேன். கல்லுக்கு நேராக விளக்கைப் பிடித்தால் எழுத்து மறைந்துவிடும். ஜன்னலைச் சாத்திவிட்டு, டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், ஏறக்குறைய கல்லை உரசுகிற மாதிரி சாய்த்துப் பிடித்தால், வெட்டின பள்ளத்தில் நிழல் விழும், எழுத்து எழுந்து நிற்கும். அவர் தன் போன் வெளிச்சத்தில் செய்து பார்த்தார். வெறும் பொரிந்த பரப்பு என்று எல்லோரும் நினைத்திருந்த ஒரு கல்லின் மேல்மூலையில் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்துமுறையில் வரி ஒன்று தெரிந்தது. “இத்தன வருசமா இதத் தொடச்சிக்கிட்டு இருந்திருக்கேனே” என்றார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அதனால்தான் கேட்கிறேன். டிஜிட்டல் பணி என்றதும் பல இடங்களில் டெண்டர் விடுகிறோம், என்னைப் போன்ற ஒருவர் வருகிறார், எடுக்கிறார், போகிறார். தொடுதிரை வைக்கிறோம், செயலி வெளியிடுகிறோம். திரை அணைந்தால் ஆள் வரும்வரை அணைந்தே கிடக்கிறது. பணம் வெளியாளுக்குப் போகட்டும், தவறில்லை. கைத்திறன் உள்ளே தங்க வேண்டாமா?

படத்தோடு ஊர்ப்பெயர் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம்மிடமே சாட்சி உண்டு. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950களிலிருந்து நம் கோயில்களைப் படமெடுத்து, எந்த ஊர், எந்தக் கோயில் என்று குறித்து வைத்தது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் திருடுபோன நடராசர் ஆஸ்திரேலியாவில், கான்பெராவின் கலைக்கூடத்தில் இருந்தார். விருத்தாசலத்து அர்த்தநாரீசுவரர் அதே நாட்டின் சிட்னியில் இருந்தார். இவை எங்கள் ஊர்த் தெய்வங்கள் என்று நிறுவ அந்தப் பழைய படங்கள் கைகொடுத்தன. 2014 செப்டம்பரில் இரண்டும் இந்தியாவுக்குத் திரும்பின. ஊர்ப்பெயர் இல்லாமல் வெறும் படமாக இருந்திருந்தால் அது இன்னொரு அழகான நடராசர் படம், அவ்வளவுதான்.

2018 செப்டம்பர் 2 அன்று ரியோ டி ஜெனிரோவில் பிரேசிலின் தேசிய அருங்காட்சியகம் எரிந்தது. சுமார் 2 கோடி பொருள்கள் இருந்த இடம். அதன்பின் மாணவர்கள் பொதுமக்களிடம், நீங்கள் அங்கே எடுத்த படம் இருந்தால் அனுப்புங்கள் என்று கேட்க வேண்டி வந்தது. நம்மில் எத்தனை பேருக்கு அந்த நிலை வராது?

மென்பொருள் இல்லை என்று சொல்ல முடியாது. அருங்காட்சியகங்களுக்கென்றே மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய ‘ஜதன்’ என்ற மென்பொருள் இருக்கிறது. அதில் யார் உட்கார்ந்து நிரப்புவது, என்ன பெயரில் நிரப்புவது என்பதுதான் கேள்வி. ஒருவர் ‘நடுகல்’ என்றும் இன்னொருவர் ‘வீரக்கல்’ என்றும் எழுதினால் தேடுபவருக்குப் பாதிதான் கிடைக்கும். பழைய எழுத்துருவில் அடித்த பட்டியலை வேறு கணினியில் திறந்தால் ஒரு வரியும் படிக்க வராது. எந்தக் கணினியிலும் எழுத்து ஒரே மாதிரி தெரிவதற்கான ஒருங்குறியை (யூனிகோட்) தமிழக அரசு 2010லேயே ஏற்றுக்கொண்டது, ஆனால் பீரோக்களில் உள்ள சி.டி.க்கள் அதை அறியவில்லை. வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கும், எடுத்த தேதி முதலான விவரங்கள் கழன்றுவிடும் என்பதையும் பணியாளரிடம் சொல்லியாக வேண்டும். எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம்.

ஆனால் குளிரூட்டிய அரங்கில் ஒரு நாள் வகுப்பு, மதியச் சாப்பாடு, சான்றிதழ் என்று முடித்துவிடாதீர்கள். பயிற்றுநர் அவரவர் அருங்காட்சியகத்துக்கே வரட்டும். அங்குள்ள மேசையில், அங்குள்ள பொருளை வைத்து, அங்குள்ள போனிலேயே எடுக்கக் கற்றுக்கொடுக்கட்டும். பதிவெண் எழுதிய சீட்டையும் அளவுகோலையும் பொருளோடு சேர்த்து எடுப்பது, கோப்புக்குப் பதிவெண்ணையே பெயராக வைப்பது, மூன்று பிரதி எடுத்து அதில் ஒன்றை வேறு கட்டடத்தில் வைப்பது, வருடம் ஒருமுறை திறந்து பார்ப்பது. இதற்கு அருங்காட்சியகப் பொறுப்பாளரான காப்பாட்சியரை மட்டும் அழைத்தால் போதாது, கூடத்தில் நிற்பவர்களும் வர வேண்டும். எழுதத் தயங்குகிறவர் பேசட்டும், பக்கத்தில் ஒருவர் பதிவு செய்யட்டும். அவர்கள் குரலிலேயே அந்தப் பொருளின் கதை வெளிவந்தால், பார்வையற்றவர்களும் கேட்டு அறிவார்கள். வாரத்தில் அரை நாளை இதற்கென்றே ஒதுக்குங்கள். கற்றதைப் பணிப்பதிவேட்டில் ஏற்றுங்கள், மதிப்பு கிடைக்கும் என்று தெரிந்தால் ஆர்வம் தானாக வரும்.

ஒப்பந்தம் போடும்போது ஒரு வரி சேருங்கள்: உள்ளூர்ப் பணியாளர் இருவர் தாமாகவே இந்த வேலையைச் செய்து காட்டிய பிறகே கடைசித் தவணை. என் பில்லுக்கும் இது பொருந்தட்டும், நான் சந்தோஷமாகக் காத்திருப்பேன்.

அந்தப் படங்களுக்குப் பெயர் வைக்கும் வேலையை நானும் அக்காவும் மாதம் ஒரு ஞாயிறு செய்துவருகிறோம். பாதிகூட முடியவில்லை. அடுத்த ஜூனில் அவருக்கு ஓய்வு. அதற்கு முன்பு அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுத, அங்கேயே வேலை பார்க்கிற ஒருவரை அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு புகைப்படக்காரன்,
திருச்சி