பொழுதுபோக்காக ஆடியவர் அல்லர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் விளையாட்டுப் பக்கத்தில், "அயர்லாந்தின் டெடி மெக்கார்த்தி ஹாக்கி போன்ற ஹர்லிங்கையும் கால்பந்தையும் பொழுதுபோக்காக ஆடியவர்" என்று ஒரு வரி வந்திருக்கிறது. நான் கார்க் நகரில் பதினேழு ஆண்டுகளாகச் செவிலியராக வேலை பார்க்கிறேன். மேசைமேல் கிடந்த நம் பத்திரிகையில் டெடியின் படத்தைப் பார்த்த பக்கத்து வீட்டுப் பெரியவர், "உங்கள் ஊர்ப் பத்திரிகையில் எங்கள் டெடியா! என்ன எழுதியிருக்கிறார்கள், படித்துச் சொல்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் வரிவரியாக மொழிபெயர்த்துச் சொன்னேன். அந்த ஒரு வரியை மட்டும் விழுங்கிவிட்டேன். நம் பத்திரிகைக்காக நான் ஒருவரிடம் உண்மையை மறைத்தது இதுவே முதல் முறை.

1990ஆம் ஆண்டின் இரண்டு அகில அயர்லாந்து இறுதி ஆட்டங்களையும் டப்ளின் குரோக் பார்க் மைதானத்தில் நேரில் பார்த்தவர் அந்தப் பெரியவர். செப்டம்பர் 2 அன்று ஹர்லிங். இடைவேளையில் பின்தங்கியிருந்த கார்க், கால்வே அணியை 5 கோல் 15 பாயிண்டுக்கு 2 கோல் 21 பாயிண்ட் என்று வென்றது. ஒரு கோலுக்கு மூன்று பாயிண்ட் என்பது தாங்கள் அறிந்ததே. ஆக வித்தியாசம் மூன்றே பாயிண்ட். சரியாகப் பதினான்கு நாள் கழித்து, செப்டம்பர் 16 அன்று, அதே மைதானத்தில் கேலிக் கால்பந்து. 1987இலும் 1988இலும் இதே இறுதிக் கட்டத்தில் கார்க்கைத் தோற்கடித்த மீத் அணியை, இம்முறை 11 பாயிண்டுக்கு 9 என்று கார்க் வென்றது. இரண்டு நாளும் களத்தில் இருந்தவர் டெடி. ஒரே ஆண்டில் இரண்டு ஆட்டத்திலும் களமிறங்கி அகில அயர்லாந்துப் பட்டம் வென்ற ஆண் வீரர் அவர் ஒருவர்தான். அவருக்கு முன்னும் இல்லை, இன்றுவரை பின்னும் இல்லை. 2023 ஜூனில், 57 வயதில் அவர் காலமானபோது இந்த ஊர் எப்படி அடங்கிப் போயிருந்தது என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

இந்த வீரர்கள் சம்பளம் வாங்குவதில்லை என்பது உண்மைதான். இந்த ஆட்டங்களை நடத்தும், 1884இல் தொடங்கிய கேலிக் விளையாட்டுச் சங்கம் இன்றும் ஆட்டத்துக்குக் கூலி கொடுப்பதில்லை. அதனால் அது பொழுதுபோக்கு ஆகிவிடுமா? என் மகனுக்கு மூன்றாம் வகுப்பில் பாடம் நடத்தியவர் கவுண்டி அணி, அதாவது மாவட்ட அணி வீரர். ஒரு திங்கட்கிழமை காலை பள்ளி வாசலில் அவரைப் பார்த்தேன். வலது கையில் இரண்டு விரல்களைச் சேர்த்து வெள்ளைப் பிளாஸ்திரி சுற்றியிருந்தது, நகக்கண் கறுத்திருந்தது. முந்தின நாள் பல்லாயிரம் பேர் முன்னால் ஆடியவர், இடது கையால் கதவைத் திறந்து பிடித்தபடி பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி உள்ளே அனுப்பினார். இருபது ஆண்டுக்கும் மேலாக எலும்பு முறிவுகளைப் பார்த்து வருகிறவள் நான். அந்த விரல்கள் என்ன வலி வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"ஹாக்கி போன்ற" என்பதும் சரியில்லை. ஆஷ் மரத்தின் அடியில், வேரை நோக்கி நார் வளையும் இடத்தில் வெட்டியெடுத்த மட்டை அது. நுனியில் தகரப் பட்டை அடித்திருப்பார்கள். பந்தைத் தலைக்கு மேலே, பறக்கும்போதே அடிப்பார்கள். கேலிக் கால்பந்தோ கையால் பிடித்தும் குத்தியும் ஆடுவது. வெறுமனே "கால்பந்து" என்று போட்டால் நம் வாசகர் வேறொன்றை அல்லவா நினைத்துக்கொள்வார்?

மனத்தில் இருப்பதையெல்லாம் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் உலகத் தலைவர்கள் தொடரில் ஜாக் லிஞ்ச் பற்றி இரண்டு பக்கம் எழுதினீர்கள். இருமுறை அயர்லாந்தின் பிரதமராக இருந்த அவர், 1941 முதல் 1946 வரை ஆண்டு தவறாமல் ஆறு அகில அயர்லாந்துப் பதக்கம் வென்றவர். ஐந்து ஹர்லிங்கில், 1945இல் கேலிக் கால்பந்தில். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்போதே எழுதினேன், கடிதம் வெளியாகவில்லை. மகளிர் தினச் சிறப்பிதழுக்காக ரீனா பக்லி பற்றிக் குறிப்பு அனுப்பினேன். இரண்டு ஆட்டங்களிலுமாக 18 அகில அயர்லாந்துப் பட்டம் வென்று, இரண்டு கார்க் அணிகளுக்கும் தலைமை தாங்கிக் கோப்பை வாங்கியவர். ஒரே ஆண்டில் இரண்டு பட்டங்களையும் ஆறு முறை வென்றவர். அதற்கும் பதில் இல்லை. இன்னோர் இதழில் வரைபடம் போட்டு, கார்க்கை பிரிட்டனோடு சேர்த்து ஒரே வண்ணத்தில் தீட்டியிருந்தீர்கள். அதை என் மகன்தான் முதலில் பார்த்து, "அம்மா, இது தப்பு" என்றான். இத்தனைக்குப் பிறகும் சந்தாவை நிறுத்தவில்லை. என் தகப்பனார் காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் பத்திரிகை இது.

நான் கேட்பது நான்கு வரித் திருத்தம். "பொழுதுபோக்காக" என்ற சொல்லை நீக்கி, "கேலிக் கால்பந்து" என்று சேர்த்து, அந்த இரண்டு செப்டம்பர் தேதிகளையும் போட்டால் போதும். பெரியவர் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துத் தரும்படி கேட்டிருக்கிறார். திருத்தம் வந்ததும் இரண்டையும் சேர்த்தே கொடுக்கலாம் என்று வைத்திருக்கிறேன்.

தங்கள் நெடுநாள் வாசகி,
கார்க், அயர்லாந்து