துணி தந்தவர்களுக்கும் துணை நின்றவர்களுக்கும்

செந்தூல் வட்டார உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

அப்பா போகும் ரத்தச் சுத்திகரிப்பு (டயாலிசிஸ்) மையத்தில், அவருடைய நேரத்துக்கு வருகிற எல்லாருக்கும் ஆளுக்கொரு ஒட்டுத்துணிப் போர்வை தைத்துக் கொடுத்தாயிற்று. கை கொடுத்தவர்கள் நிறையப் பேர். பெயர் சொல்லப் போனால் யாராவது விட்டுப்போய் மனத்தாங்கலாகிவிடும். அதனால் பெயர் போடாமலே எழுதுகிறேன். யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி மையத்தின் மூத்த தாதிக்கு. கோலாலம்பூர் வெயிலில் போர்வை எதற்கு என்று சிரித்தவர்கள் உண்டு. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் போல ஏர்கோன் அறையில் அசையாமல் சாய்ந்திருப்பவர்களைக் கேட்டால் தெரியும். ரத்தம் குழாய் வழியாக வெளியே போய், இயந்திரத்தைச் சுற்றித் திரும்புவதற்குள் கொஞ்சம் சூட்டை இழந்துவிடுகிறது. ரத்த அழுத்தம் இறங்கிவிடாமல் இருக்க, சிலருக்கு இயந்திரத்தில் ஓடும் திரவத்தின் சூட்டையே சற்றுக் குறைத்து வைப்பார்களாம். நடுங்காமல் என்ன செய்வார்கள்?

தாதி மூன்று விஷயம் சொன்னார். ஊசி ஏற்றியிருக்கும் கை எந்நேரமும் கண்ணில் பட வேண்டும், ஆகவே இடுப்புக்குக் கீழே மூடினால் போதும். ஒருவர் போர்வையை இன்னொருவர் தொடக்கூடாது. அடிக்கடி துவைத்துக் காயவைக்க முடிய வேண்டும். மூன்றாவதுதான் எங்களை யோசிக்க வைத்தது. உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த போர்வை, இங்கே மதியம் தவறாமல் மழை கொட்டுகிற மாதங்களில் எப்போது காய்வது?

அந்த முடிச்சை அவிழ்த்தவர் தையற்கடை நடத்தி ஓய்வுபெற்ற அக்கா. "மேலே பருத்தி, கீழே ஃபிலீஸ். நடுவில் ஒன்றும் வேண்டாம்" என்றார். அவ்வளவுதான். ஃபிலீஸ் பாலியெஸ்டர் நூலில் பின்னிய துணி, நெய்ததல்ல. சீவிவிட்ட அதன் மயிர்ப்பரப்பு காற்றைப் பிடித்து வைத்துக்கொள்வதால் பஞ்சின் வேலையையும் அடித்துணியின் வேலையையும் அதுவே பார்த்துவிடும். நூலிழை தண்ணீரைக் குடிக்காது, ஆகவே சீக்கிரம் காய்ந்துவிடும். வெட்டின ஓரம் பிரிந்து வராது.

"பருத்திதான் உடம்புக்கு நல்லது" என்று கடைசிவரை வாதாடிய பாட்டிக்கும் நன்றி. நம் வீட்டுக் கட்டிலுக்கு என்றால் நானும் பாட்டி பக்கம்தான். இந்த ஊர்ச் சூட்டில் ஃபிலீஸைப் போர்த்திக்கொண்டு தூங்க முடியாது. மேல்பக்கம் முழுக்கப் பருத்தி வந்தது அவர் பிடிவாதத்தால்தான்.

ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் துணிக்கடைத் தவுக்கே (முதலாளி) ஒருவர், முன்னால் வைத்து விற்காத ஃபிலீஸ் சரக்கை உள்ளேயிருந்து தேடி எடுத்து வந்து, விலையையும் குறைத்துக் கொடுத்தார். துணியின் அகலம் 150 சென்டிமீட்டர். ஒரு மீட்டர் வெட்டினால் 135-க்கு 90 அளவில் ஒரு போர்வைக்கு ஒட்டுப்போடாமல் அடித்துணி கிடைத்துவிடும், சுற்றிலும் வெட்டிவிடக் கொஞ்சம் மிச்சமும் இருக்கும்.

இந்த இடத்தில் தூரத்து மனிதர் ஒருவருக்கும் நன்றி சொல்லிவிடுகிறேன். இந்த ஃபிலீஸ் 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து மால்டன் மில்ஸ் ஆலையில் உருவானது. முதலாளி ஆரன் ஃபியூர்ஸ்டீன் அதற்குக் காப்புரிமை எடுக்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றானதால்தான் இன்று நம் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கிறது. 1995-இல் ஆலை எரிந்தபோதும், வேலையில்லாமல் நின்ற தொழிலாளர்களுக்குச் சம்பளம் கொடுத்தவர் அவர். 2021-இல் காலமானார்.

மேல்துணிக்குப் பழைய பருத்திச் சேலை, சட்டை, திரைச்சீலை எல்லாம் வந்து குவிந்தன. பக்கத்து வீட்டு மாக்சிக் (மலாய் அம்மா) கொடுத்த பாத்திக் துண்டுகள்தான் கண்ணைப் பறித்தன. பட்டும் ஷிபோனும் தந்தவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள், அவற்றைத் திருப்பித் தந்ததற்குக் காரணம் துவைப்புதான், அடிக்கடி துவைத்தால் அவை தாங்காது. பருத்திக்கும் ஒரு முன்வேலை உண்டு. அது முதல் துவைப்பில் சுருங்கும், ஃபிலீஸ் சுருங்காது. முன்னாடியே துவைக்காமல் சேர்த்துத் தைத்தால் பிறகு மேல்பக்கம் சுருக்கம் விழுந்துவிடும். வந்த துணி அத்தனையையும், சாயம் போகும் பாத்திக்கைத் தனியாகப் பிரித்து, காசு வாங்காமல் துவைத்துக் கொடுத்த டோபிக் கடை அண்ணனை மறக்க மாட்டோம்.

தைக்க உட்கார்ந்த பெண்களைப் பற்றி எழுதினால் பக்கம் போதாது. ஃபிலீஸ் அகலவாக்கில் நன்றாக இழுபடும். கொஞ்சம் இழுத்துப் பிடித்துத் தைத்தாலும் போர்வை கோணிக்கொள்ளும். அக்கா தரையில் அதை இழுக்காமல் விரித்து, ஓரங்களை டேப் போட்டு ஒட்டி, மேல்துணியை வைத்து நெருக்கமாகக் குண்டூசி குத்தச் சொன்னார். நல்ல பக்கங்கள் இரண்டும் உள்ளே பார்க்க, கைவிடும் அளவுக்கு இடம் விட்டுச் சுற்றித் தைத்து, தலையணை உறை மாதிரி வெளியே திருப்பிவிட்டோம். தனியாக ஓரப்பட்டி கட்டும் வேலை மிச்சம். அப்புறம் இரண்டு துணியும் பிரிந்து நகராமல் இருக்க, குறுக்கும் நெடுக்குமாகச் சில தையல். உள்ளே பஞ்சு இல்லாததால் கோடுகளைத் தள்ளித் தள்ளியே போடலாம். 90 எண் பால்பாயிண்ட் (முனை உருண்ட) ஊசி, தையல் நீளம் 3 முதல் 3.5 மில்லிமீட்டர். மேல்துணியையும் அடித்துணியையும் சமமாக நகர்த்தும் வாக்கிங் ஃபுட்டை இரவல் தந்தவர் மெஷின் பழுது பார்க்கும் அங்கிள். பாபின் பக்கம் சேரும் பஞ்சுத் தூசியைத் தட்டிவிட ஒரு பிரஷ்ஷும் கொடுத்து, "ஒவ்வொரு போர்வைக்கும் ஒரு தடவை" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் பெயர்த்துண்டு எழுதித் தைத்த பிள்ளைகளே, உங்கள் கையெழுத்தைப் பார்த்து ஒரு சீனத் தாத்தா போர்வையைக் கேட்டு வாங்குவதற்குள் தம் பெயர்த்துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். சபாஷ்.

போர்வை வாங்கியவர்களுக்கு: பச்சைத் தண்ணீரில் துவைக்கவும். ரத்தக்கறை பட்டால் சுடுநீர் கூடவே கூடாது, கறை பிடித்துக்கொள்ளும். சாஃப்ட்னர் வேண்டாம். ட்ரையரில் போட்டால் சூடு குறைவாக வைக்கவும். ஃபிலீஸ் பக்கம் அயர்ன் பட்டால் உருகிவிடும், அயர்ன் போடவே வேண்டியதில்லை.

ஃபிலீஸ் இன்னும் சில மீட்டர் மீதி இருக்கிறது. காலை நேரத்துக்கு வருகிறவர்களும் கேட்டிருக்கிறார்கள். பருத்தித் துணி இருப்பவர்கள் துவைத்து, அக்கா வீட்டில் கொடுத்துவிடுங்கள். பட்டு வேண்டாம்!