வீட்டில் கிட்டார் ஆம்ப்: ஓசையைக் குறைக்க எதை வாங்குவது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவர்களால் அக்கம்பக்கத்தாருக்கு ஏற்படும் தொல்லை குறித்துத் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் வெளிவந்த கடிதத்தைப் படித்தேன். எழுதியவரின் வருத்தம் முற்றிலும் நியாயமானது. ஆனால் அவர் சொல்லியிருந்த தீர்வு, அதாவது பெரிய ஆம்பை (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயரை) விற்றுவிட்டுக் குறைந்த வாட் ஆம்ப் வாங்க வேண்டும் என்பது, பலரும் நம்புகிற ஒன்றுதான் என்றாலும் நடைமுறையில் பலன் தராது. சென்னையில், கண்ணாடிக் குழாய்களால் இயங்கும் வால்வு ஆம்ப் பழுதுபார்க்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில், அதைவிடக் குறைந்த செலவில் அதைவிட நல்ல வழி ஒன்று, அதாவது ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே பொருத்தும் அட்டென்யுவேட்டர் என்ற ஓசை குறைக்கும் பெட்டி, இருக்கிறது என்பதையும், அந்த வழியில் எங்கே சிக்கனம் பார்க்கலாம், எங்கே பார்க்கவே கூடாது என்பதையும் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் சட்டம் என்ன கேட்கிறது என்று பார்ப்போம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை 55 டெசிபலும், இரவில் 45 டெசிபலும்தான் வரம்பு. தனியாருக்குச் சொந்தமான ஒலிக்கருவியின் ஓசை, அவரது இடத்தின் எல்லையில் இந்த வரம்பை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக் கூடாது. அப்படியானால் பகலில் 60 டெசிபல் என்பதே நமக்குள்ள இடம். இதையும் கிட்டார் ஆம்பின் ஓசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் பிரச்சினையின் அளவு புரியும். கிட்டார் ஆம்புகளில் பொருத்தப்படும் 12 அங்குல ஸ்பீக்கர்கள் ஒரே ஒரு வாட் கொடுத்தாலே ஒரு மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 98 டெசிபல் ஓசை எழுப்பக்கூடியவை. செலஸ்டியன் நிறுவனத்தின் கிரீன்பேக் ஸ்பீக்கருக்கு 98 என்றும், வின்டேஜ் 30 ஸ்பீக்கருக்கு 100 என்றும் அந்நிறுவனமே குறிப்பிடுகிறது. 40 வாட் ஆம்பை முழு வீச்சில் வைத்தால் அது 114 டெசிபலை எட்டும். அதை விற்றுவிட்டு 15 வாட் ஆம்ப் வாங்கினால் எவ்வளவு குறையும்? நான்கு டெசிபல்தான். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. வாட்டைப் பாதியாக்கினால் 3 டெசிபல் குறையும். பத்தில் ஒரு பங்காக்கினால்தான் 10 டெசிபல் குறைந்து, காதுக்கு ஓசை பாதியானதுபோல் தோன்றும்.

அப்படியானால் வால்யூம் குமிழைக் குறைத்து வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்கலாம். டிரான்சிஸ்டர் ஆம்ப் வைத்திருப்பவர்கள் தாராளமாக அப்படிச் செய்யலாம். அவர்களுக்கு அட்டென்யுவேட்டர் எந்த வகையிலும் தேவையில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் வீட்டில் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் பெரும்பாலோரிடம் இருப்பது அந்த வகை ஆம்ப்தான், அதிலும் பலவற்றில் ஹெட்ஃபோன் ஜாக் உண்டு. வால்வு ஆம்பின் கதை வேறு. அதன் நாதத்தில் பெரும்பகுதி, கடைசிக் கட்டத்தில் இருக்கும் பவர் வால்வுகளும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் தம் எல்லை வரை உழைக்கும்போதுதான் பிறக்கிறது. விரல் அழுத்தத்துக்கு ஏற்றபடி ஒலி நெகிழ்வதும், ஒரு ஸ்வரம் தேய்ந்து மறையும்போது அதற்குள் இன்னொரு நிறம் எழுவதும் அப்போதுதான். குமிழை ஒன்றில் வைத்தால் அந்த ஆம்ப் வாங்கியதற்கான காரணமே போய்விடுகிறது.

ஆம்பை அதன் போக்கில் உழைக்கவிட்டு, ஸ்பீக்கருக்குப் போகும் வழியில் மின்சக்தியின் பெரும்பகுதியை வெப்பமாக மாற்றிவிடுவதுதான் அட்டென்யுவேட்டரின் வேலை. பாஸ்டன் இசைக்குழுவின் கிட்டார் கலைஞரும் பொறியாளருமான டாம் ஷோல்ஸ் 1980இல் தொடங்கிய நிறுவனத்தின் முதல் தயாரிப்பே இப்படிப்பட்ட ஒரு பெட்டிதான். அடிப்படை அன்றிலிருந்து மாறவில்லை.

பெட்டி வாங்கும் முன்னால் செலவே இல்லாத ஒரு வழியையும் பார்த்துவிட வேண்டும். ஆம்பின் பின்புறம் எஃபெக்ட்ஸ் லூப் என்ற பெயரில் சென்ட், ரிட்டர்ன் என இரண்டு ஜாக்குகள் இருந்தால், அவற்றுக்கிடையே ஒரு வால்யூம் பெடலையோ, ஒரே ஒரு வால்யூம் கன்ட்ரோல் உள்ள சிறு பெட்டியையோ செருகினால் போதும். ஓசை நன்றாகவே அடங்கும். பவர் வால்வுகள் உழைக்காது என்பது உண்மைதான். ஆனாலும் டிஸ்டார்ஷனை (ஒலியின் கரகரப்பை) முன்கட்டத்திலேயே உண்டாக்கும் மார்ஷல் டிஎஸ்எல் போன்ற ஆம்புகளுக்கு என் கருத்தில் இதுவே போதுமானது. சில ஆம்புகளிலேயே வாட்டைக் குறைக்கும் ஸ்விட்ச் இருக்கிறது. மார்ஷல் ஒரிஜின் 20 ஆம்பை 3 வாட்டுக்கும் அரை வாட்டுக்கும் இறக்கலாம். ஃபெண்டர் புளூஸ் ஜூனியர்போல இந்த இரண்டு வசதியும் இல்லாத ஆம்புகளுக்கே அட்டென்யுவேட்டர் முதல் தேவையாகிறது.

இனி விலை. அட்டென்யுவேட்டர்களில் இரண்டு வகை உண்டு. வெறும் ரெசிஸ்டர்களால் ஆனவை விலை குறைந்தவை. ஸ்பீக்கரின் மின்தடை எல்லாச் சுருதிக்கும் ஒன்றாக இருப்பதில்லை. கீழ் ஸ்வரங்களில் ஓரிடத்தில் மேடாக எழுந்து, பிறகு இறங்கி, மேல் ஸ்வரங்களில் மறுபடி ஏறும். அந்த ஏற்ற இறக்கத்தைக் காயில்களாலும் கெபாசிட்டர்களாலும் உண்டாக்கிக் காட்டுபவை ரியாக்டிவ் வகை. அவற்றின் விலை அதிகம். ஒரு கோடியில் யுனிவர்சல் ஆடியோ நிறுவனத்தின் ஆக்ஸ் போன்றவை ஆயிரம் டாலருக்கு மேல் விற்கப்பட்டன. மறுகோடியில் பூகெரா பிஎஸ்1, பால்மர் பிடிஐ-06 போன்றவை அதில் சிறு பங்கு விலைக்குக் கிடைப்பவை, 100 வாட் வரை தாங்குபவை. இடையில் இருக்கும் டூ நோட்ஸ் கேப்டர் ரியாக்டிவ் வகையைச் சேர்ந்தது. அதை லோட் பாக்ஸாக (ஸ்பீக்கருக்குப் பதிலாக ஆம்பின் சக்தியை ஏற்கும் பெட்டியாக) வைத்துக் கணினி வழியே ஹெட்ஃபோனிலும் கேட்கலாம். ஆனால் ஸ்பீக்கருக்கு அது குறைப்பது நிலையான 20 டெசிபல் மட்டுமே. 40 வாட் ஆம்பில் 20 டெசிபல் குறைத்தால் மிஞ்சுவது 0.4 வாட், அதாவது ஒரு மீட்டரில் ஏறத்தாழ 94 டெசிபல். பகல் நேரப் பயிற்சிக்கே இது அதிகம். எனவே வாங்குபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எத்தனை டெசிபல் வரை இறக்கலாம், அதைப் படிப்படியாக இறக்க முடியுமா என்பதே. நம் ஊரில் சன்னலைத் திறந்து வைக்காமல் பகலில் அறையில் உட்கார முடியாது. ஆகவே சுவர் தடுத்துவிடும் என்ற கணக்கும் முழுதாகப் பலிக்காது. 30 டெசிபல் வரை இறங்கும் பெட்டி நமக்குத் தேவை. அவ்வளவு இறக்கும்போது மலிவான ரெசிஸ்டர் வகையில் ஒலி சற்று மந்தமாகும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அந்த மாற்றத்தில் ஒரு பகுதி நம் காதின் இயல்பு: ஓசை குறையும்போது கீழ் ஸ்வரங்களும் உச்ச ஸ்வரங்களும் காதுக்கு மங்கித் தெரியும் என்பதை ஃப்ளெச்சர், மன்சன் இருவரும் 1933இலேயே அளந்து காட்டினார்கள். எவ்வளவு விலை கொடுத்தாலும் அது மாறாது. பாஸ், டிரெபிள் குமிழ்களைச் சற்றுக் கூட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதனால்தான் வீட்டுப் பயிற்சிக்கு மலிவான வகையே போதும் என்று என்னிடம் வருபவர்களுக்குத் தயங்காமல் சொல்கிறேன்.

சிக்கனம் பார்க்கக் கூடாத இடத்துக்கு வருகிறேன். ஆம்பின் பின்புறம் 4, 8, 16 ஓம் (மின்தடையின் அலகு) என்று எழுதியிருக்கும். அட்டென்யுவேட்டரும் அதே ஓம் ஆக இருக்க வேண்டும். ஸ்பீக்கரும் அதே ஓம் ஆக இருப்பது நல்லது. மலிவான பெட்டிகள் சில ஒரே ஓமுக்கென்றே செய்யப்பட்டவை. பால்மர் பெட்டியை வாங்கும்போது ஓம் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பூகெராவில் ஸ்விட்ச் உண்டு. விலை மலிவாக இருக்கிறதே என்று வேறு ஓம் பெட்டியை வாங்கிவிடக் கூடாது. அதைவிட முக்கியம், வால்வு ஆம்பை ஸ்பீக்கரோ லோடோ இல்லாமல் ஒருபோதும் இயக்கக் கூடாது. போகுமிடம் இல்லாத சக்தி அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரிலேயே மிக உயர்ந்த மின்னழுத்தமாகத் திரும்பி எழும். ஓசையே வராமல் பழகலாம் என்று ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிவிட்டு வாசிக்கும்படி ஒரு கடையில் யாரோ சொன்னதைக் கேட்டுச் செய்த ஒரு கல்லூரி மாணவரின் ஆம்ப் அண்மையில் என் மேசைக்கு வந்தது. இஎல்34 என்ற பவர் வால்வின் சாக்கெட்டில் இரண்டாவது பின்னுக்கும் மூன்றாவது பின்னுக்கும் நடுவே, பென்சிலால் கோடு போட்டதுபோல மெல்லிய கருப்புத் தடம். மின்பொறி பாய்ந்து பீங்கானைக் கருக்கிய தடம் அது. டிரான்ஸ்ஃபார்மரின் உள்சுற்றும் போயிருந்தது. ஒரு மலிவு அட்டென்யுவேட்டரின் விலை அந்தப் பழுதுச் செலவுக்குள் அடங்கியிருக்கும். அந்த மாணவரிடம் அப்படிச் சொன்னவருக்கு வால்வு ஆம்பும் டிரான்சிஸ்டர் ஆம்பும் ஒன்றல்ல என்பது தெரிந்திருக்க வேண்டும்.

வாட் விஷயத்திலும் தாராளம் வேண்டும். 40 வாட் என்று எழுதியிருக்கும் ஆம்ப், முழு டிஸ்டார்ஷனில் அதைவிடக் கணிசமாகக் கூடுதலாகத் தள்ளும். ஆகவே ஆம்பின் வாட்டைப்போல் இரு மடங்கு தாங்கும் பெட்டியையே வாங்குங்கள். 20 டெசிபல் குறைக்கும்போது நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கு சக்தி அந்தச் சின்னப் பெட்டிக்குள்தான் வெப்பமாகிறது. மே மாதச் சென்னையில், ஏற்கெனவே சூடான ஆம்பின் தலைமேலேயே அதை வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். காற்றோட்டமாகத் தரையிலோ ஸ்டூலிலோ தனியே வைக்க வேண்டும், துணி போட்டு மூடக் கூடாது. ஆம்பிலிருந்து பெட்டிக்கும், பெட்டியிலிருந்து ஸ்பீக்கருக்கும் போவது ஸ்பீக்கர் கேபிளாகத்தான் இருக்க வேண்டும். கிட்டாரில் செருகும் கேபிள் ஜாக் ஒன்றாக இருந்தாலும் உள்ளே மெல்லிய கம்பி, சூடாகி அறுந்தால் மறுபடி லோடு இல்லாத நிலைதான்.

சால்டரிங் கை பழகியவர்களுக்கு இன்னும் மலிவான வழி உண்டு. மின்னணு உதிரிபாகங்கள் விற்கும் ரிச்சி தெருவில் அலுமினிய உறை போட்ட வயர்வவுண்ட் ரெசிஸ்டர்கள் கேட்டுப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, 8 ஓம் ஆம்புக்கு 20 டெசிபல் குறைக்க வேண்டுமானால், ஸ்பீக்கருக்குப் போகும் வழியில் தொடராக 7.2 ஓம், ஸ்பீக்கருக்கு இணையாக 0.9 ஓம், இந்த இரண்டே போதும். ஆம்புக்கு 8 ஓம் ஆகவே தெரியும். ஆனால் மொத்தச் சக்தியில் பத்தில் ஒன்பது பங்கு அந்த 7.2 ஓமில்தான் எரிகிறது என்பதை மறக்காமல், அதற்கு மட்டும் 100 வாட் ரெசிஸ்டரை, சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான பெரிய ஹீட் சிங்கில் திருகிப் பொருத்த வேண்டும். ஹீட் சிங்க் இல்லாவிட்டால் உறைமேல் எழுதியிருக்கும் வாட்டில் பாதியைக்கூட அது தாங்காது. கம்பியை முதலில் முறுக்கிக் கட்டிவிட்டுப் பிறகே ஈயம் வைக்க வேண்டும், சூட்டில் ஈயம் இளகினாலும் இணைப்பு விடாமல் இருக்க. இதில் தயக்கம் உள்ளவர்கள் செய்ய வேண்டாம், கடையில் வாங்கிவிடுங்கள்.

செகண்ட் ஹேண்டாக வாங்குபவர்கள் கையில் ஒரு மல்டிமீட்டர் கொண்டுபோக வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் பெட்டியின் விலையோடு சுங்கவரியும் கூரியர் செலவும் சேர்ந்துவிடுவதால், இங்கேயே கைமாறும் பெட்டி கிடைத்தால் நல்லதுதான். ரெசிஸ்டர் வகைப் பெட்டியில் ஸ்பீக்கரைச் செருகி, ஆம்ப் பக்கத்து ஜாக்கில் அளந்தால், 8 ஓம் பெட்டிக்கு ஏறக்குறைய அதே எண்ணோ சற்றுக் குறைவாகவோ காட்ட வேண்டும். ஸ்விட்சை ஒவ்வொரு நிலைக்கும் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். எங்காவது எண் தாறுமாறாகத் தாவினாலோ, இணைப்பே இல்லை என்று காட்டினாலோ அந்தப் பெட்டியை வாங்க வேண்டாம். ரியாக்டிவ் வகையை இப்படி அளக்க முடியாது. நல்ல பெட்டியாக இருந்தாலும் ஆம்பை ஸ்டாண்ட்பையில் (மின்சாரம் இருந்தும் ஒலி வராத நிலையில்) போட்ட பிறகே ஸ்விட்சைத் திருப்புவது நல்லது.

முழு வீச்சில் உழைப்பதால் பவர் வால்வுகள் விரைவில் தேயும்; அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அடுக்குமாடியில் வாசிப்பவர்கள், ஆம்பைத் தரையில் வைக்காமல் ரப்பர் துண்டுகள்மேலோ கனமான ஸ்டூல்மேலோ வைத்தால், கீழ்வீட்டுக் கூரை வழியே இறங்கும் அதிர்வு பெருமளவு குறையும். கடிதம் எழுதிய வாசகருக்கு நான் சொல்ல விரும்புவது, பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் ஆம்பை விற்கச் சொல்லும் முன், அதன் பின்புறம் எத்தனை ஓம் என்று எழுதியிருக்கிறது என ஒருமுறை பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள் என்பதே. வாங்க வேண்டிய பெட்டி எது என்பது அதிலிருந்தே முடிவாகும்.

இப்படிக்கு,
வால்வு ஆம்ப் பழுதுபார்க்கும் வாசகர்,
மேற்கு மாம்பலம், சென்னை.