தம்பிக்கு, பையன் படிப்பு விஷயமாக

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இங்கே நலம். நேற்று ஃபோனில் பேசும்போது பையன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான், அவன் காதில் விழ இதையெல்லாம் பேச மனம் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். அவன் தூங்கின பிறகு நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நிதானமாகப் படியுங்கள்.

வாயால் கேட்டால் எல்லாம் சொல்கிறான், எழுதச் சொன்னால் ஒன்றும் வருவதில்லை, "கவனம் போதாது, வீட்டில் உட்கார வைத்துப் படிக்க வையுங்கள்" என்று மிஸ் டயரியில் எழுதிவிட்டார், அதனால் இன்னொரு டியூஷன் சேர்க்கப் போகிறேன் என்றாய். முதலில் அந்த டியூஷனை நிறுத்தி வை. வகுப்பில் புரியாத அதே முறையில் சாயங்காலமும் இரண்டு மணி நேரம் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைக்குக் களைப்பும் பயமும்தான் மிஞ்சும். அவன் சோம்பேறி இல்லை, தம்பி. இது டிஸ்லெக்சியாவாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது, அறிவு இருந்தும் எழுத்தை ஒலியோடு சேர்த்து வாசிக்கவும் எழுதவும் சிரமப்படுகிற கற்றல் குறைபாடு அது. ஒரு வரி வாசிக்க மற்ற பிள்ளைகளைவிட அவன் எத்தனை மடங்கு பாடுபடுகிறான் என்பது வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான்.

என் சின்னவனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. இங்கிலாந்தில் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் படிக்கிற இயர் ஒன் வகுப்பில், ஜூன் மாதம் எல்லோருக்கும் ஒரு சின்ன வாசிப்புச் சோதனை வைப்பார்கள். டீச்சர் பிள்ளையைத் தனியாக உட்கார வைத்து 40 சொற்களைக் காட்டுவார். அதில் 20 உண்மையான சொற்கள், 20 அர்த்தமே இல்லாத சொற்கள். அர்த்தமில்லாத சொல் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு விநோத ஜந்துவின் படம் இருக்கும், இது நிஜச் சொல் இல்லை என்று பிள்ளைக்குத் தெரிவதற்காக. முன்பே பார்த்த சொல்லை மனப்பாடத்தில் சொல்லிவிடலாம். இதுவரை பார்க்காத சொல்லை எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க முடியும். எங்கள் பையன் கதைப் புத்தகங்களைப் படத்தைப் பார்த்தே மடமடவென்று ஒப்பிப்பான், நாங்களும் வாசிக்கிறான் என்றே நினைத்தோம். அந்தச் சோதனையில் நிஜச் சொற்களில் பாதி தேறியது. ஜந்துப் படம் போட்ட சொற்களில் ஏறக்குறைய ஒன்றும் வரவில்லை. ஞாபகசக்தியை வைத்தே அவன் இத்தனை நாள் சமாளித்து வந்திருக்கிறான்.

அப்புறம் பள்ளியில் சென்கோ என்கிற டீச்சர் எங்களைக் கூப்பிட்டார். கற்றலில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளின் பொறுப்பை அவர்தான் பார்க்கிறார், சாதாரண அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் இப்படி ஒருவர் இருந்தே ஆக வேண்டும். அவர் எங்களிடம் டாக்டர் சர்டிஃபிகேட் எதுவும் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். பிள்ளைக்கு எது வரவில்லை, அதற்கு இந்தப் பருவத்தில் என்ன செய்யப் போகிறோம், யார் செய்வார்கள், மறுபடி எப்போது பார்ப்போம் என்று ஒரு தாளில் எழுதினார். அடுத்த வாரமே நாலைந்து பிள்ளைகளோடு சேர்த்துத் தனியாக உட்கார வைத்து, அதே சில ஒலிகளைத் திரும்பத் திரும்ப, பிளாஸ்டிக் எழுத்துகளைக் கையில் எடுத்து அடுக்கி, வாயால் சொல்லி, எழுதிப் பார்த்து என்று தொடங்கிவிட்டார்கள். வருஷத்துக்கு மூன்று முறையாவது பெற்றோரைக் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்பது இங்கே பள்ளிகளுக்கான அரசு வழிகாட்டியிலேயே இருக்கிறது.

அதற்காக இங்கே பாலாறும் தேனாறும் ஓடுகிறது என்று நினைத்துவிடாதே. டிஸ்லெக்சியாவுக்கான முழுப் பரிசோதனையை அரசு மருத்துவ சேவை பொதுவாகச் செய்வதில்லை. பள்ளியும் பெரும்பாலும் செலவு செய்யாது, தனியாரிடம்தான் போக வேண்டும், அது எல்லோராலும் முடிகிற காரியம் இல்லை. இன்னும் அதிக உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்கு 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளாட்சி ஒரு திட்டம் எழுதித் தர வேண்டும், சுருக்கமாக இஹெச்சிபி என்பார்கள். மதிப்பீடு செய்வதா வேண்டாமா என்று 6 வாரத்தில் பதில், எல்லாம் சேர்த்து 20 வாரத்தில் திட்டம் கையில் என்பது விதி. நடப்பில் நிறையக் குடும்பங்கள் அதற்கு மேலும் காத்திருக்கின்றன, மறுத்துவிட்டார்கள் என்று தீர்ப்பாயம் வரை போனவர்களையும் எனக்குத் தெரியும். ஆனால் பள்ளி ஒத்துக்கொண்டாலும் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் பெற்றோரே நேரடியாக அந்த மதிப்பீட்டுக்கு விண்ணப்பம் கொடுக்கலாம். வந்த புதிதில் நமக்கு இதெல்லாம் யார் சொல்வார்கள்? பெற்றோருக்கு இலவசமாக வழிகாட்ட ஒவ்வொரு உள்ளாட்சிப் பகுதியிலும் ஒரு சேவை இருக்கிறது, அங்கே இருந்த அம்மா ஒருவர் எனக்குச் சொன்ன முதல் புத்தி, பள்ளியில் பேசினது எதுவானாலும் அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதிப் போட்டுவிடு என்பதுதான். வாய்ப்பேச்சு நிற்காது. உனக்கும் இதையேதான் சொல்வேன்.

வீட்டில் என்ன செய்கிறோம் என்று கேட்டாய். பள்ளியிலிருந்து வருகிறபோதே பிள்ளை களைத்துப் போயிருப்பான், அதனால் முதலில் விளையாட்டு. வாசிப்பு பத்துப் பதினைந்து நிமிஷத்துக்கு மேல் போகாது, ஆனால் தினமும் உண்டு. ஒரு வரியை முதலில் நான் வாசிப்பேன், பிறகு இருவரும் சேர்ந்து, பிறகு அவன் மட்டும். கீழ் வரி கண்ணை இழுக்காமல் இருக்க ஒரு அட்டையை வரிக்கு அடியில் வைத்து நகர்த்திக்கொண்டே வருவோம். ஒரு சொல்லில் நின்றுவிட்டால் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு நானே சொல்லிவிடுவேன், திணற விடமாட்டேன். அவன் வயதுக்குரிய கதைகளை ஒலிப் புத்தகமாகக் கேட்கிறான், இது ரொம்ப முக்கியம், வாசிப்பு தாமதமாகிறது என்பதற்காக அறிவும் சொல்வளமும் சேர்ந்து தாமதமாக வேண்டியதில்லை. அறிவியல் வீட்டுப்பாடமா, அவன் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன், அங்கே பார்க்க வேண்டியது அறிவியல்தானே. எழுத்துப் பயிற்சி என்றால் மட்டும் அவனே எழுதுவான். "போய் பல் தேய்த்து, யூனிஃபார்ம் போட்டு, பையை எடுத்துக்கொண்டு வா" என்று ஒரே மூச்சில் சொன்னால் பாதி மறந்துவிடும், ஒவ்வொன்றாகத்தான் சொல்ல வேண்டும். வாய்பாடும் இந்தப் பிள்ளைகள் பலருக்கு நிற்காது, அதற்கும் திட்டாதே.

தமிழைப் பற்றியும் சொல்ல வேண்டும். "இரண்டு மொழி குழப்புகிறது, வீட்டில் ஆங்கிலமே பேசுங்கள்" என்று தெரிந்தவர்கள் பலர் எங்களிடம் சொன்னார்கள். சென்கோ அதை அடியோடு மறுத்தார். இரண்டு மொழி பேசுவதால் டிஸ்லெக்சியா வராது, வீட்டு மொழியை விடவே கூடாது என்றார். இப்போது சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கும் போகிறான். ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக் கூட்டம் ஒரு சொல்லில் 'ஓ' என்கிறது, இன்னொன்றில் 'அஃப்' என்கிறது, தமிழில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் நம் எழுத்துக்கு வேறு சிக்கல் உண்டு. 'கெ' என்று எழுதும்போது கொம்பு முதலில் வருகிறது, அதன் ஒலியோ ககரத்துக்குப் பின்னால்தான் வருகிறது. 'கொ' என்றால் முன்னே ஒரு கொம்பு, பின்னே ஒரு துணைக்கால். ஒலியும் எழுத்தும் வரிசையாக மனதில் நிற்காத பிள்ளை இங்கே தடுமாறாமல் என்ன செய்யும்? உன் பையனின் தமிழ் நோட்டை எடுத்துப் பார். கொம்பு இடம் மாறுகிறதா, மெய்யெழுத்தின் புள்ளி விடுபடுகிறதா, துணைக்கால் காணாமல் போகிறதா, ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுகிறானா என்று குறித்து வை. அடிக்கடி விழும் தவறுகளில் ஒரு ஒழுங்கு தெரியும். "கவனம் போதாது" என்ற ஒரு வரியைவிட அந்தப் பட்டியல்தான் உதவி செய்யப் போகிறவருக்குப் பயன்படும்.

முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடு. பிறகு சிறப்புக் கல்வி ஆசிரியர் அல்லது மருத்துவ உளவியலாளரிடம் கற்றல் மதிப்பீடு. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இருக்கிறது, அவர்களிடம் விசாரி. பள்ளிக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்க்கப்பட்டிருக்கிறது. பிள்ளைகளிடம் அதைச் சீக்கிரமே கண்டறிந்து தக்க முறையில் சொல்லிக்கொடுப்பது கல்வி நிறுவனங்களின் கடமை என்று அதன் 16-ஆவது பிரிவு சொல்கிறது. சண்டைக்காக அல்ல, தெரிந்துகொண்டு பேசினால் மதிப்பு வேறு. அவன் சிபிஎஸ்இ-யில் படிக்கிறான், கற்றல் குறைபாட்டுக்கான சான்றிதழ் இருந்தால் பின்னால் பத்தாவது தேர்வில் மணிக்கு 20 நிமிஷம் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுபவரும் கிடைக்கும். ஆனால் சான்றிதழ் வரட்டும் என்று வாசிப்பு உதவியைத் தள்ளிப்போடாதே, அதை இந்த வாரமே நீங்கள் தொடங்கலாம். கரும்பலகையைப் பார்த்து எழுதுவதைக் குறைத்து அச்சடித்த தாள் தரவும், எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசிக்கச் சொல்லாமல் இருக்கவும் மட்டும் மிஸ்ஸிடம் கேட்டுப் பார். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை, பிள்ளைக்கு நாளே மாறிவிடும்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதே. டிஸ்லெக்சியா குடும்பத்தில் தொடர்ந்து வருவது சகஜம். டிக்டேஷன் நாள் என்றால் உனக்குக் காலையிலேயே வயிறு வலிக்கும், ஞாபகம் இருக்கிறதா? வாத்தியாரிடம் நீ வாங்கின அடிகளும் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. அப்போது யாருக்கும் தெரியவில்லை. அதைப் பையனிடம் நீயே சொல், எனக்கும் இப்படித்தான் கஷ்டமாக இருந்தது என்று அப்பா வாயால் கேட்டால் அவனுக்கு எவ்வளவு தெம்பாக இருக்கும். "அக்காவைப் பார்த்துக் கற்றுக்கொள்" என்ற பேச்சு மட்டும் வீட்டில் வேண்டாம், அம்மாவிடமும் சொல்லி வை.

நோட்டில் ஒரு தமிழ்ப் பக்கம், ஒரு ஆங்கிலப் பக்கம் படமெடுத்து அனுப்பு. பள்ளிக்குக் கொடுக்க வேண்டிய கடிதத்தை நான் எழுதித் தருகிறேன், வேண்டிய மாற்றத்தை நீ செய்துகொள். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி முடிந்ததும் கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
அக்கா