பில்லில் தமிழ் உடையாமல் வர: ஞாயிறு இரவு நாங்கள் செய்யப்போகும் வேலை

வணக்கம்.

எங்கள் பில் போடும் மென்பொருளின் போன அப்டேட்டுக்குப் பிறகு உங்களில் சிலருக்கு, பில்லில் பொருளின் பெயர் வர வேண்டிய இடத்தில் தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ-வும் வட்டத்துக்குள் ஆர்-உம் வரிசையாக வந்தன. பிரின்டர்தான் போய்விட்டது என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டவர்களும் உண்டு. மன்னியுங்கள், கோளாறு எங்கள் நிரலில்தான்.

காரணம் இதுதான். பல வருஷமாகப் பல பேர் எழுதிய நிரல் இது. எழுத்துகளை எண்களாக மாற்றிச் சேமிக்கும் முறைக்குக் குறியாக்கம் என்று பெயர், அது கோப்புக்குக் கோப்பு வேறாக இருக்கிறது: சில கோப்புகள் யூடிஎஃப்-8, சில விண்டோஸின் பழைய 1252, மிகப் பழைய சில தமிழுக்கென இருந்த திஸ்கி. எந்தக் குறியாக்கத்தில் எழுதியது என்று கோப்பு தானாகச் சொல்லாது, உள்ளே இருப்பது வெறும் எண்கள்தான். யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட், அதாவது 3 எண்கள், ஆகும், எல்லாவற்றுக்கும் முதல் பைட் ஒன்றேதான். அதை 1252 என்று நினைத்துப் படித்தால் ஒவ்வொரு முறையும் அந்த ஏ வந்து நிற்கும். ₹ குறி காணாமல் போனதும் இதனால்தான், 1252இல் அதற்கு இடமே கிடையாது.

வரும் ஞாயிறு இரவு 10 மணிக்கு எல்லாக் கோப்புகளையும் யூடிஎஃப்-8க்கு மாற்றுகிறோம். மொத்தமாக ஒரு கருவியில் போட்டு எடுக்க முடியாது, ஏற்கெனவே யூடிஎஃப்-8இல் இருப்பதை மறுபடி மாற்றினால் எழுத்து இரண்டு மடங்கு குலையும். ஆகவே ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்த்துப் பிரித்து வைத்திருக்கிறோம். திஸ்கிதான் அதிக நேரம் எடுத்தது. அதில் 'கொத்தமல்லி' என்றால் கண்ணுக்குத் தெரிகிற வரிசைப்படி ஒற்றைக்கொம்பு முதலில், அப்புறம் க, அப்புறம் கால். யூடிஎஃப்-8 பின்பற்றும் யூனிகோடில் க முதலில் வர வேண்டும், கொம்பும் காலும் சேர்ந்த 'ஒ' குறி அதன் பின்னால் ஒரே குறியாக வருவதுதான் முறை. கொம்பையும் காலையும் தனித்தனியாக விட்டாலும் திரையில் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் தேடினால் கொத்தமல்லி கிடைக்காது! ஸ்டாக்கில் ஒரே பொருள் இரண்டு முறை ஏறியிருப்பதாகச் சிலர் சொன்னீர்களே, அது இதுதான். பொருள் பெயர்களையும் இதே இரவில் சரிசெய்கிறோம். விலை, வரி, பழைய பில் எதையும் தொடமாட்டோம், பழைய பதிப்பும் அப்படியே எங்களிடம் இருக்கும்.

இந்த வேலையோடு வேறு எந்தப் புது வசதியையும் சேர்க்கவில்லை. ஏதாவது பிசகினால் காரணத்தை உடனே பிடிக்க வேண்டும் அல்லவா.

உங்களிடம் கேட்பது கொஞ்சம்தான். பில்லின் தலைப்புக் கோப்பை நோட்பேடில் நீங்களே திருத்துபவர் என்றால், சேமிக்கும்போது கீழே என்கோடிங் என்ற இடத்தில் யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள். 2019க்கு முந்தைய விண்டோஸில் அது தானாக வராது. சனிக்கிழமைக்குள் அந்தக் கோப்பை எங்களுக்கு அனுப்பிவிட்டால் நாங்களே மாற்றித் தருகிறோம். திங்கள் காலை முதல் பில்லில் கடைப்பெயர், பொருள் பெயர், ₹ மூன்றையும் பாருங்கள். ஏதாவது தப்பாக இருந்தால் பில்லைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுங்கள், 7 மணியிலிருந்தே ஆள் இருப்போம்.